பேஸ்பாலில் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் யார்? ஒரு விருதுச் சண்டையின் கணக்கு வழக்கு

அமெரிக்க பேஸ்பாலில் ஆண்டுக்கு இரண்டு பேர் எம்விபி விருது வாங்குகிறார்கள். அமெரிக்கன் லீகில் ஒருவர், நேஷனல் லீகில் ஒருவர். ‘மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர்’ என்பது விருதின் முழுப்பெயர். வாங்குபவர்கள் இரண்டே பேர் என்றாலும் அதற்காக மல்லுக்கட்டுபவர்களுக்குக் கணக்கில்லை.

அந்தச் சண்டையைச் சிறிது நேரம் கேட்டுப் பாருங்கள். “அதிக ஹோம் ரன் அடித்தது அவர்தான்” என்பார் ஒருவர். “அடித்து என்ன பயன், அவருடைய அணி பட்டியலில் அடியில் கிடக்கிறதே” என்பார் இன்னொருவர். மூன்றாமவர் “அவருடைய வார் 10.5” என்று ஓர் எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு, தீர்ப்பு வாசித்து முடித்த நீதிபதியைப் போலக் கையைக் கட்டிக்கொள்வார். ஒரே கேள்விக்கு மூன்று விடைகள் சொல்வதாக அவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் ஆளுக்கொரு கேள்வியை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். அந்தக் கேள்விகளைத் தனித்தனியாகப் பிரித்துவிட்டால் பாதிச் சண்டை அடங்கிவிடும். மீதிப் பாதி அடங்காது. அது நியாயமான சண்டை.

பேஸ்பால் மைதானத்தின் பக்கமே போகாதவரும் பின்தொடரலாம். கிரிக்கெட் தெரிந்தவருக்கு இன்னும் எளிது.

## ஆட்டத்தைப் பற்றி இவ்வளவு போதும்

ஓர் அணியில் ஒன்பது பேர் வரிசையாக மட்டை பிடிக்க வருகிறார்கள். எதிரணியின் பிட்சர் பந்தை எறிகிறார். மைதானத்தில் நான்கு மூலைகளில் நான்கு பேஸ்கள். பந்தை அடித்துவிட்டு முதல், இரண்டாம், மூன்றாம் பேஸ்களைச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் ஒரு ரன். ஒரே அடியில் பந்து வேலியைத் தாண்டினால் அது ஹோம் ரன்; அடித்தவரும், அந்த நேரத்தில் பேஸ்களில் நிற்கும் சக ஆட்டக்காரர்களும் நிதானமாக ஓடி வந்து ரன் சேர்க்கலாம். அடிக்கத் தோதில்லாத பந்துகளைப் பிட்சர் நான்கு முறை எறிந்துவிட்டால் பேட்டருக்கு முதல் பேஸ் சும்மா கிடைக்கும். அதற்கு ‘வாக்’ என்று பெயர். மூன்று பேர் அவுட்டானால் அந்த அணியின் முறை முடிந்தது. இப்படி ஒன்பது இன்னிங்ஸ். ஒரு சீசனுக்கு 162 ஆட்டங்கள்.

ஆக ஓர் அணியின் கையிருப்பு ஓர் ஆட்டத்துக்கு 27 அவுட். அதைக் காலி செய்வதற்குள் எத்தனை ரன் எடுக்க முடியுமோ எடுக்க வேண்டும். அவுட்டான பேட்டர் பெவிலியனுக்குப் போய் உட்கார்ந்துவிடுவதில்லை. வரிசை சுற்றி வந்ததும் மறுபடி களமிறங்குவார்.

இங்கேதான் கிரிக்கெட் பழக்கம் நம்மைத் தடுமாற வைக்கும். “அவர் எத்தனை ரன் அடித்தார்?” என்று கேட்டால் நேரான விடை கிடையாது. ஒருவர் வாக் வாங்கி முதல் பேஸுக்குப் போகிறார். அடுத்தவர் அடித்த அடியில் அவர் மூன்றாம் பேஸுக்கு நகர்கிறார். அதற்கடுத்தவர் அடிக்கும்போது ஓடி வந்து ரன் எடுக்கிறார். இந்த ரன் யார் கணக்கில் சேரும்? எம்விபி விவாதம் முழுக்க இந்தச் சின்னக் கேள்வியிலிருந்துதான் கிளைக்கிறது.

## வாக்குச்சீட்டு என்ன சொல்கிறது?

விருதை வழங்குவது அமெரிக்க பேஸ்பால் எழுத்தாளர் சங்கம். 1931-இலிருந்து வழங்கி வருகிறது. இன்று லீகுக்கு 15 அணிகள். அணிக்கு இரண்டு பத்திரிகையாளர் வீதம் 30 பேர் வாக்களிக்கிறார்கள். ஒவ்வொருவரும் பத்துப் பேரை வரிசைப்படுத்த வேண்டும். முதலிடத்துக்கு 14 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 9, மூன்றாம் இடத்துக்கு 8, பிறகு ஒவ்வொன்றாகக் குறைந்து பத்தாம் இடத்துக்கு 1. சீசன் முடிந்து நடக்கும் வெளியேற்றுச் சுற்றான பிளேஆஃப் தொடங்குவதற்கு முன்பே சீட்டுகள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். முடிவு வெளியாவது நவம்பரில். அக்டோபரில் பிளேஆஃபின் இறுதிக் கட்டமான உலகத் தொடரில் ஒருவர் காட்டிய வீரம் இந்த விருதின் கணக்கில் வராது. ஆண்டுதோறும் இதை யாராவது ஒருவருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சீட்டோடு சில அறிவுறுத்தல்களும் வருகின்றன. ‘மிக மதிப்புமிக்க’ என்பதற்குத் தெளிவான வரையறை எதுவும் இல்லை, வாக்களிப்பவரே முடிவு செய்துகொள்ளலாம் என்று அவை வெளிப்படையாகவே சொல்கின்றன. பிறகு, கவனிக்க வேண்டியவை: அணிக்கு அந்த ஆட்டக்காரரின் உண்மையான மதிப்பு, அதாவது மட்டைபிடிப்பிலும் தடுப்பாட்டத்திலும் அவருடைய பலம், எத்தனை ஆட்டங்கள் ஆடினார் என்பது, குணம், மனப்பாங்கு, விசுவாசம், முயற்சி. வெற்றி பெற்ற அணியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பிட்சர்களுக்கும் தகுதி உண்டு.

இவ்வளவு தெளிவாக எழுதியிருந்தும் படிக்காதவர்கள் உண்டா என்றால், உண்டு. 1999-இல் பாஸ்டன் ரெட் சாக்ஸின் பிட்சர் பெட்ரோ மார்ட்டினெஸ் 23 வெற்றி, 4 தோல்வி என்று சீசனை முடித்தார். 313 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார், அதாவது அடிக்கவே விடாமல் தன் எறிதலாலேயே அவுட்டாக்கினார். முதலிட வாக்குகளில் அவருக்கு 8, டெக்சஸ் ரேஞ்சர்ஸின் கேட்சர் (கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பர் போல, பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) ஐவன் ரோட்ரிகஸுக்கு 7. ஆனால் மொத்தப் புள்ளி ரோட்ரிகஸுக்கு 252, மார்ட்டினெஸுக்கு 239. இரண்டு வாக்காளர்கள் மார்ட்டினெஸின் பெயரைப் பத்துக்குள் எங்கேயுமே எழுதவில்லை. மற்ற எண்கள் மாறாமல், அவர்கள் இருவரும் அவரை நான்காம் இடத்தில் எழுதியிருந்தால்கூட 14 புள்ளி கூடி 253 ஆகியிருக்கும். ஐந்து நாளைக்கு ஒருமுறை மட்டுமே ஆடுகிற பிட்சருக்கு இந்த விருது எதற்கு என்பது ஒரு தரப்பின் வாதம். வாதம் இருக்கட்டும். சீட்டில் அச்சிட்டிருப்பதற்கு நேர் எதிராக வாக்களிப்பதை நான் கருத்து வேறுபாடு என்று சொல்ல மாட்டேன்.

இதுவரை பார்த்ததில் இரண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேரை வரிசைப்படுத்தும் புள்ளி முறை; மதிப்பு என்ன என்பதை வாக்காளரிடமே விட்டுவிட்ட அறிவுறுத்தல். சண்டைக்கு வாசல் திறப்பது இரண்டாவது.

## 2012: இரண்டு பேர், இரண்டு கட்சி

இந்தச் சண்டையைப் புரிந்துகொள்ள 2012-ஆம் ஆண்டு அமெரிக்கன் லீகைவிட நல்ல பாடம் இல்லை.

ஒரு பக்கம் டெட்ராய்ட் டைகர்ஸின் மிகேல் கப்ரேரா. பேட்டிங் சராசரி .330, ஹோம் ரன் 44, ஆர்பிஐ 139 (இந்தச் சொற்களுக்கு விளக்கம் சற்றுக் கீழே). மூன்றிலும் லீகில் முதலிடம். இப்படி மூன்றையும் சேர்த்துப் பிடிப்பதற்கு டிரிபிள் கிரவுன் என்று பெயர். 1967-இல் கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கி பிடித்ததற்குப் பிறகு 45 ஆண்டுகளாக ஒருவருக்கும் வாய்க்காத மணிமுடி அது. மறு பக்கம் லாஸ் ஏஞ்சலிஸ் ஏஞ்சல்ஸின் மைக் டிரவுட். சீசன் தொடங்கும்போது 20 வயது, அதுதான் அவருக்கு முதல் முழு சீசன். சராசரி .326, ஹோம் ரன் 30, ஆர்பிஐ 83. அதோடு 129 ரன், 49 திருட்டு பேஸ்கள்.

இரண்டு சொற்களை இங்கேயே விளக்கிவிடுகிறேன். பேட்டிங் சராசரி என்பது, ஆயிரம் முறை மட்டை பிடித்தால் எத்தனை முறை அடித்து பேஸை அடைவார் என்ற விகிதம்; .330 என்றால் 330 முறை. இதில் வாக் சேராது. ஆர்பிஐ என்பது, அவர் மட்டை பிடித்தபோது அதன் விளைவாக அணிக்கு வந்து சேர்ந்த ரன்கள். தானே ஹோம் ரன் அடித்தால் தன்னுடையதும் சேரும்.

கப்ரேரா கட்சிக்காரர்கள் 139-ஐயும் 83-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். 56 ரன் வித்தியாசம், இதற்கு மேல் என்ன பேச்சு என்றார்கள்.

பேசத்தான் வேண்டும். டிரவுட் பெரும்பாலும் வரிசையில் முதல் ஆள். ஆட்டத்தில் அவர் முதல் தடவை மட்டை பிடிக்கும்போது பேஸ்கள் காலியாகத்தான் இருக்கும். ஒருவரும் இல்லாத பேஸிலிருந்து யாரை ஓட வைப்பது? பிறகு வரும்போதும் அவருக்கு முன்னால் ஆடியிருப்பவர்கள் வரிசையின் கடைசியில் நிற்கும் சுமாரான பேட்டர்கள். கப்ரேராவுக்கோ டைகர்ஸின் முதல் ஆளான ஆஸ்டின் ஜாக்சன் நூறு தடவையில் 37, 38 தடவை பேஸுக்குப் போய்க் காத்துக்கொண்டிருந்தார். ஆர்பிஐ பொய் சொல்லவில்லை. அந்த ரன்கள் வந்தது உண்மை. ஆனால் அதில் கப்ரேராவின் பங்கு எவ்வளவு, அவருக்கு முன்னால் போய் நின்றவர்களின் பங்கு எவ்வளவு என்று அது பிரித்துக் காட்டுவதில்லை.

டிரிபிள் கிரவுனில் இன்னொரு விசித்திரம் இருக்கிறது. அந்த ஆண்டு ஜாஷ் ஹாமில்டன் 43 ஹோம் ரன், கர்ட்டிஸ் கிராண்டர்சன் 43 ஹோம் ரன். இருவரில் ஒருவர் இன்னும் இரண்டு அடித்திருந்தால் கப்ரேராவின் தலையில் மணிமுடி இருந்திருக்காது. எங்கோ வேறு ஊரில் வேறு இருவர் அடித்த பந்து வேலிக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்பதைப் பொறுத்து, டெட்ராய்டில் கப்ரேரா தன் அணிக்குச் செய்தது ஒரு துளிகூடக் கூடுவதோ குறைவதோ இல்லை. மணிமுடி அழகானது, அரிதானது. மதிப்பை அளக்கும் தராசாக அது செய்யப்படவில்லை.

## யாரோடு ஒப்பிடுவது?

ஒருவருக்கு இவ்வளவு மதிப்பு என்று சொன்னால், எதோடு ஒப்பிட்டு அப்படிச் சொல்கிறோம் என்ற கேள்வி கூடவே வந்துவிடுகிறது. எம்விபி சண்டையில் பெரும்பாலானவர்கள் தாண்டிக் குதித்துவிடும் இடம் இது.

கல்யாண வீடு. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலையில் தலைமைச் சமையல்காரருக்குக் காய்ச்சல், வர முடியாது என்று செய்தி வருகிறது. அவருடைய மதிப்பு எவ்வளவு என்று அந்த வீட்டுக்காரருக்கு அப்போது தெரிந்துவிடும். ஆனால் அவர் இல்லாவிட்டால் பந்தியில் இலை காலியாகவா கிடக்கும்? கிடக்காது. அன்று இரவே பக்கத்து ஊரிலிருந்து கூலிக்கு யாரையாவது பிடித்து வருவார்கள். சாம்பார் சாம்பாராகவே இருக்கும், பாயசம் கொஞ்சம் திகட்டும். முதலாமவர் போட்டிருக்கக்கூடிய விருந்துக்கும் இவர் போட்ட விருந்துக்கும் உள்ள இடைவெளிதான் முதலாமவரின் மதிப்பு. ஊரிலேயே சராசரியான சமையல்காரரோடு ஒப்பிட்டாலும் சரிவராது, ஏனென்றால் சராசரிக் கைப்பக்குவம் உள்ளவருக்கு அந்த முகூர்த்தத்தில் ஏற்கெனவே வேறு வீட்டில் வேலை இருக்கும்.

பேஸ்பாலில் அப்படிக் கடைசி நேரத்தில் கிடைப்பவருக்கு மாற்று ஆட்டக்காரர் என்று பெயர். பெரிய லீகுக்குக் கீழே உள்ள சிறிய லீகுகளில், குறைந்தபட்சச் சம்பளத்துக்கு எந்த நேரமும் கூப்பிட்டால் வரக்கூடிய ஆள். அணி முழுவதையும் இத்தகையவர்களைக் கொண்டு நிரப்பினால் 162 ஆட்டங்களில் சுமார் 48-ஐ வெல்லும் என்று கணக்கிடுபவர்கள் வைத்திருக்கிறார்கள். அந்த அடித்தளத்துக்கு மேலே ஓர் ஆட்டக்காரர் தன் உழைப்பால் எத்தனை வெற்றிகளைக் கூட்டினார் என்பதே வார். ‘மாற்று ஆட்டக்காரரைவிடக் கூடுதலாகத் தந்த வெற்றிகள்’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்.

எத்தனை ஆட்டங்கள் ஆடினார் என்பதும் இதில் தானாக அடங்கிவிடுகிறது. காயத்தால் இரண்டு மாதம் உட்கார்ந்தால் அந்த இரண்டு மாதம் களத்தில் நிற்பவர் மாற்று ஆட்டக்காரர். அந்த நாள்களுக்கு வார் ஏறாது.

## வார் எப்படிக் கணக்கிடப்படுகிறது?

பலரும் இதை மந்திரம் போல உச்சரிக்கிறார்கள், வேறு சிலர் மோசடி என்று திட்டுகிறார்கள். உள்ளே இருப்பது கூட்டல் கழித்தல்தான்.

முதலில் மட்டைபிடிப்பு. பல்லாயிரம் ஆட்டங்களின் பதிவுகளை வைத்து, ஒவ்வொரு நிகழ்வும் சராசரியாக எத்தனை ரன்னுக்குச் சமம் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். ஹோம் ரன் என்றால் ஏறத்தாழ 1.4 ரன். ஒரு பேஸ் மட்டும் கிடைக்கும் அடி கிட்டத்தட்ட அரை ரன். வாக் என்றால் சுமார் மூன்றில் ஒரு பங்கு. அவுட்டானால் கழித்தல். இப்படிச் செய்வதால் முன்னால் யார் பேஸில் நின்றார்கள் என்ற அதிர்ஷ்டம் கணக்கிலிருந்து விலகிவிடுகிறது. ஆர்பிஐயின் நோய்க்கு இதுதான் மருந்து.

அடுத்தது ஓட்டம். பிட்சர் எறியும் நேரம் பார்த்து அடுத்த பேஸுக்கு ஓடித் திருடுவது, சக ஆட்டக்காரர் அடிக்கும்போது ஒரு பேஸ் கூடுதலாக எடுப்பது எல்லாம் இதில் வரும். டிரவுட் 49 முறை திருடினார், 5 முறைதான் பிடிபட்டார். மெதுவாக ஓடுபவர்களுக்கு வேறொரு கண்டம் உண்டு: தரையோடு அடித்த ஒரே பந்தில் இரண்டு பேர் அவுட்டாவது. அந்த ஆண்டு கப்ரேராவுக்கு அது 28 முறை நேர்ந்தது, லீகிலேயே அதிகம். 27 அவுட்தான் கையிருப்பு என்று மேலே சொன்னதை இங்கே பொருத்திப் பாருங்கள்.

பிறகு தடுப்பாட்டம். 2012 ஜூன் 27 அன்று பால்டிமோரில் ஜே. ஜே. ஹார்டி அடித்த பந்து சென்டர் ஃபீல்டின், அதாவது மைதானத்தின் நடு வெளிப்பகுதியின், வேலியை நோக்கிப் பறந்தது. டிரவுட் முதுகைக் காட்டி ஓடி, வேலியருகே எம்பினார். கையுறை வேலியின் விளிம்புக்கு மேலே போய், அந்தப் பக்கம் விழவிருந்த பந்தை இந்தப் பக்கம் கொண்டுவந்தது. ஒரு ஹோம் ரன் அவுட்டாக மாறியது. டிரவுட்டின் பேட்டிங் பட்டியலில் இதற்கு ஒரு வரியும் கிடையாது. ஆனால் எதிரணியின் ரன்னைத் தடுப்பதும் தன் அணிக்கு ரன் சேர்ப்பதும் வெற்றிக் கணக்கில் ஒன்றுதான்.

நிற்கும் இடமும் முக்கியம். கேட்சராகவோ சென்டர் ஃபீல்டிலோ ஆடக்கூடியவர்கள் குறைவு, முதல் பேஸில் நிற்கக்கூடியவர்கள் அதிகம். கடினமான இடத்துக்குச் சில ரன்களைக் கூட்டியும் எளிய இடத்துக்குக் கழித்தும் சரிசெய்கிறார்கள். பேன்கிராஃப்ஸ் இணையதளத்தின் முறையில், சீசன் முழுக்க ஆடும் கேட்சருக்கு 12.5 ரன் கூடும்; தடுப்பாட்டமே ஆடாமல் மட்டை மட்டும் பிடிப்பவருக்கு 17.5 ரன் கழியும். ஷோஹெய் ஒஹ்தானி 2024-இல் அப்படி மட்டை மட்டுமே பிடித்து, அந்தக் கழிவையும் மீறி ஒருமனதாக எம்விபி ஆனார். 54 ஹோம் ரன்னும் 59 திருட்டும் சேர்ந்தால் கழிவெல்லாம் தூசு.

மைதானத்துக்கும் திருத்தம் உண்டு. டென்வர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிது, பந்து தூரம் போகும். அங்கே அடித்த ஹோம் ரன்னையும் கடலோர ஊரில் அடித்ததையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

எல்லா ரன்களையும் கூட்டி, ஏறத்தாழ 10 ரன்னுக்கு ஒரு வெற்றி என்ற விகிதத்தில் மாற்றினால் வார் கிடைத்துவிடும். 2 என்றால் ஒழுங்காக ஆடும் வழக்கமான ஆட்டக்காரர். 5 என்றால் நட்சத்திரம். 8-க்கு மேல் போனால் எம்விபி பேச்சில் பெயர் அடிபடும்.

சுருக்கமாக: அடித்தது, ஓடியது, தடுத்தது, நின்ற இடம், ஆடிய மைதானம். ஐந்தையும் ரன்னாக்கி, ரன்னை வெற்றியாக்கி, மாற்று ஆட்டக்காரரைக் கழித்தால் வார்.

## மறுபடி 2012

பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தின் கணக்கில் டிரவுட்டுக்கு ஏறத்தாழ 10.5, கப்ரேராவுக்கு 7-க்குச் சற்று மேல். மட்டையை மட்டும் பார்த்தால் கப்ரேரா சற்று மேலே. அவர் 161 ஆட்டங்கள் ஆடினார். ஏப்ரல் கடைசியில்தான் அழைக்கப்பட்ட டிரவுட் ஆடியது 139. ஆனால் கால், கை, நின்ற இடம் என்று சேர்க்கச் சேர்க்க டிரவுட் தாண்டிப் போகிறார்.

வாக்கெடுப்பில் என்ன ஆயிற்று? அப்போது அமெரிக்கன் லீகில் 14 அணிகள், 28 வாக்காளர்கள். முதலிட வாக்குகளில் 22 கப்ரேராவுக்கு, 6 டிரவுட்டுக்கு. புள்ளிக் கணக்கு 362-க்கு 281. நெருக்கமாகக்கூட இல்லை.

கப்ரேராவுக்கு அது அநியாயமான விருது என்று நான் சொல்லவில்லை. கையில் சீட்டு இருந்திருந்தால் டிரவுட்டின் பெயரை முதலில் எழுதியிருப்பேன், அவ்வளவுதான். மூன்று வெற்றி என்பது அளவுப் பிழை என்று ஒதுக்க முடியாத தூரம்.

## அணி வென்றால் அது யார் பெருமை?

கப்ரேராவுக்கு வாக்களித்தவர்கள் இன்னொரு வாதத்தையும் வைத்தார்கள்: டைகர்ஸ் பிளேஆஃபுக்குப் போனது, ஏஞ்சல்ஸ் போகவில்லை. மணிமுடி வாதத்தைவிட இதுதான் அடிக்கடி கேட்கும் வாதம், பிடிவாதமானதும்கூட.

டைகர்ஸ் அந்த ஆண்டு வென்றது 88 ஆட்டங்கள். ஏஞ்சல்ஸ் 89. எண்ணைத் தவறாக அச்சிடவில்லை. அதிக ஆட்டங்களை வென்ற அணி வீட்டில் உட்கார்ந்தது, ஏனென்றால் லீகுக்குள் இருக்கும் பிரிவுகளில் பலமான ஒன்றில் அது மூன்றாவதாக வந்தது. டைகர்ஸ் பலவீனமான பிரிவில் முதலாவதாக வந்தது. கப்ரேராவின் பக்கத்தில் இன்னொரு வாதமும் உண்டு: சிகாகோ வைட் சாக்ஸ் சீசனின் பெரும்பகுதி முன்னிலையில் இருக்க, டைகர்ஸ் அவர்களைத் தாண்டியது செப்டம்பர் கடைசியில்தான், அந்த நெருக்கடியில் அவர் நன்றாக அடித்தார். ஏஞ்சல்ஸ் பக்கம் பார்த்தால், டிரவுட் அழைக்கப்பட்ட நாளில் அணி 6 வென்று 14 தோற்றிருந்தது. அதற்குப் பிறகு அவர்கள் 83 வென்றார்கள். ஏப்ரலில் வென்ற ஆட்டத்துக்கும் செப்டம்பரில் வென்ற ஆட்டத்துக்கும் பட்டியலில் ஒரே எடை.

இந்த வாதத்தின் பழைய வரலாறும் கவனிக்கத்தக்கது. 1947-இல் பாஸ்டனின் டெட் வில்லியம்ஸ் டிரிபிள் கிரவுன் பிடித்தார். விருது நியூயார்க் யாங்கீஸின் ஜோ டிமாஜியோவுக்குப் போனது, 202-க்கு 201 என்று ஒரே ஒரு புள்ளியில். யாங்கீஸ் லீகை வென்றிருந்தது, அதனால் டிமாஜியோ என்றார்கள். சரி, அதுதான் கொள்கை என்று வைத்துக்கொள்வோம். 1987-இல் சிகாகோ கப்ஸ் தன் பிரிவில் கடைசி இடம். அந்த அணியின் ஆண்ட்ரே டாசன் 49 ஹோம் ரன், 137 ஆர்பிஐ எடுத்து நேஷனல் லீகின் எம்விபி ஆனார். 2003-இல் கடைசி இடத்தில் கிடந்த ரேஞ்சர்ஸின் அலெக்ஸ் ரோட்ரிகஸுக்கும் கிடைத்தது.

1995 இன்னும் சுவையானது. கிளீவ்லாந்தின் ஆல்பர்ட் பெல் சராசரி .317, ஹோம் ரன் 50, ஆர்பிஐ 126. ஒரே சீசனில் 50 ஹோம் ரன்னும் 50-க்கு மேல் டபுளும் (இரண்டாம் பேஸ் வரை கொண்டுபோகும் அடி) அடித்த முதல் ஆள் அவர். பாஸ்டனின் மோ வான் சராசரி .300, ஹோம் ரன் 39, ஆர்பிஐ அதே 126. சீசன் 144 ஆட்டங்களாகச் சுருங்கியிருந்த அந்த ஆண்டிலும் கிளீவ்லாந்து 100 ஆட்டங்களை வென்றிருந்தது. எண்ணும் பெல் பக்கம், அணியின் வெற்றியும் பெல் பக்கம். விருது 308-க்கு 300 என்று வானுக்குப் போனது. பெல் பத்திரிகையாளர்களிடம் முகம் கொடுத்துப் பேசாதவர், எரிந்து விழுபவர் என்று பெயர் எடுத்தவர். வான் எல்லோருக்கும் பிடித்தவர். சீட்டில் குணமும் மனப்பாங்கும் இருக்கின்றனவே என்று யாராவது சமாதானம் சொல்லலாம். வாக்களிப்பவர்களோடு சுமுகமாகப் பேசுவதுதான் குணம் என்றால் எனக்கு மேலே பேச ஒன்றுமில்லை.

அணியின் வெற்றியைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று சீட்டில் எழுதவில்லை. எடுத்துக்கொள்பவர் நியாயமாக எடுத்துக்கொள்ளட்டும். களத்தில் ஒருவர் ஒன்பதில் ஒரு பங்கு; அவருக்குப் பக்கத்தில் யாரை விலைக்கு வாங்கி நிறுத்துவது என்று தீர்மானிப்பவர் அணியின் முதலாளி. முதலாளியின் கஞ்சத்தனத்தை ஆட்டக்காரரின் மதிப்பிலிருந்து கழிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தப் பகுதியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே. ‘அவருடைய அணி வென்றது’ என்பதும் ‘அவரால் அணிக்கு இத்தனை வெற்றிகள் கூடின’ என்பதும் வேறு வேறு கூற்றுகள். முதலாவதைச் சொல்லிவிட்டு இரண்டாவதை நிரூபித்ததாக நினைப்பதில்தான் குழப்பம்.

## வார் எங்கே தடுமாறும்?

இவ்வளவு சொன்னதால், எண்ணைப் பார்த்து விருதைக் கொடுத்துவிடலாமே, 30 பேர் எதற்கு என்று தோன்றலாம். கூடாது. முதல் காரணம், வார் என்று ஒற்றை எண் கிடையாது. பேஸ்பால் ரெஃபரன்ஸ் ஒரு விதமாகக் கணக்கிடுகிறது, பேன்கிராஃப்ஸ் வேறு விதமாக. மட்டைபிடிப்பில் பெரிய வேறுபாடு வராது. தடுப்பாட்டத்தை அளப்பதில்தான் இரண்டும் பிரிகின்றன, அங்கே பிழைக்கும் இடம் அதிகம். 9.1-க்கும் 8.8-க்கும் உள்ள இடைவெளியை வைத்து ஒருவர் சத்தம் போட்டால், தசமப் புள்ளிக்குப் பிறகு வரும் எண்ணுக்கு அவ்வளவு பலம் இல்லை என்று தயங்காமல் சொல்லுங்கள்.

இன்னொன்று, வார் வேண்டுமென்றே சூழ்நிலையை மறக்கிறது. ஒன்பதாவது இன்னிங்ஸில் ஆட்டத்தை வென்ற ஹோம் ரன்னும், பத்து ரன் பின்தங்கியிருக்கும்போது அடித்த ஹோம் ரன்னும் அதற்கு ஒன்றே. ஒருவரின் திறமையை அளக்க அது சரியான வழி. ஆனால் ‘அந்த ஆண்டு அணிக்கு நடந்த நன்மை’ என்று கேட்டால், ஆட்டத்தை வென்ற அடிக்குக் கூடுதல் எடை தருவது தப்பில்லை. அதை அளக்கத் தனிக் கணக்கு இருக்கிறது: ஒவ்வொரு அடிக்கு முன்னும் பின்னும் அணியின் வெற்றி வாய்ப்பு எத்தனை சதவீதம் மாறியது என்று பார்த்துக் கூட்டுவது. நேர்மையாக வாக்களிக்கும் ஒருவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்.

2025 அமெரிக்கன் லீக் விருது இதற்கு நல்ல சோதனை. யாங்கீஸின் ஆரன் ஜட்ஜ் சராசரி .331, ஹோம் ரன் 53. சியாட்டில் மரைனர்ஸின் கால் ராலி சராசரி .247 மட்டுமே, ஆனால் ஹோம் ரன் 60. அதிலும் அவர் கேட்சர். அதற்கு முன் கேட்சராக ஆடும் ஒருவர் ஒரு சீசனில் அடித்த அதிகபட்சம் 48. முதலிட வாக்குகள் ஜட்ஜுக்கு 17, ராலிக்கு 13. புள்ளி 355-க்கு 335. மூன்றாவது ஆளுக்கு முதல் இரண்டு இடங்களில் ஒரு வாக்குகூட இல்லை. 30 பேரும் இந்த இருவரையே மேலே எழுதினார்கள்.

ஒரு தளத்தின் வாரில் ஜட்ஜ் ராலியைவிடச் சுமார் ஒரு வெற்றி மேலே. இன்னொன்றில் இரண்டுக்கும் மேல். இந்த வேறுபாட்டுக்குப் பெரும் காரணம் ஃப்ரேமிங். அடிக்கத் தோதான பந்துக்கு ஸ்ட்ரைக் என்று பெயர். ஸ்ட்ரைக் எல்லையின் ஓரத்தில் வரும் பந்தைக் கேட்சர் கையுறையை நாசூக்காக உள்ளே இழுத்துப் பிடித்து, நடுவரை ஸ்ட்ரைக் என்று சொல்ல வைக்கும் வித்தை அது. பேன்கிராஃப்ஸ் அதை வாரில் சேர்க்கிறது. பேஸ்பால் ரெஃபரன்ஸ் சேர்ப்பதில்லை. பிட்சரை வழிநடத்துவது, எந்தப் பந்து எறியச் சொல்வது போன்றவற்றை இரண்டுமே முழுமையாகப் பிடிப்பதில்லை. அதற்கு ராலியின் பக்கம் எவ்வளவு கூட்டுவது என்பது வாக்காளரின் தீர்ப்பு. நான் ஜட்ஜ் பக்கம்தான். ஆனால் 2012-இல் இருந்த உறுதி இதில் எனக்கு இல்லை. 13 பேர் எதிர்ப்பக்கம் வாக்களித்ததைத் தவறு என்று சொல்லவும் மாட்டேன்.

ஃப்ரேமிங்கின் மதிப்பே இனி மாறப்போகிறது. பந்து ஸ்ட்ரைக்கா இல்லையா என்ற நடுவரின் முடிவைக் கேமரா கொண்டு சரிபார்க்கும் மேல்முறையீட்டு முறைக்கு 2026 சீசன் முதல் பெரிய லீகில் அனுமதி தந்திருக்கிறார்கள். பேட்டர், பிட்சர், கேட்சர் மூவரில் ஒருவர் தலையைத் தட்டிக் காட்டினால் மேல்முறையீடு. அணிக்கு இரண்டு வாய்ப்புகள், சரியாகச் சொன்னால் வாய்ப்பு குறையாது. கையுறையை நாசூக்காக இழுப்பதால் கிடைக்கும் ரன்கள் இதனால் குறையும், எப்போது தலையைத் தட்ட வேண்டும் என்று தெரிந்த கேட்சருக்குப் புதிதாகச் சில ரன்கள் கூடும். அதை வாரில் எப்படிச் சேர்ப்பது என்று இரண்டு தளங்களும் முடிவு செய்தாக வேண்டும்.